தமிழ் இலக்கம் பிடிபடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய பத்திரம், கணக்கேடு, ஜாதக ஓலை, நூறு வருடத்துக்கு முந்தைய அச்சுப் புத்தகம் என்று எதையாவது படம்பிடித்து அனுப்பி, "இதில் இருப்பது என்ன எண்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு படமும் வேறாக இருந்தாலும், சிக்கல் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் வருகிறது. அந்த இடங்களை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் இந்த இரண்டு வரியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1 ௧, 2 ௨, 3 ௩, 4 ௪, 5 ௫, 6 ௬, 7 ௭, 8 ௮, 9 ௯
10 ௰, 100 ௱, 1000 ௲, சுழியம் ௦

எந்தச் சிக்கலானாலும் முதல் சோதனை இதுதான்: எண்ணுக்குள் ௰, ௱, ௲ இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது பழைய முறை. அதில் சுழியத்துக்கு வேலையே இல்லை. ௦ இருந்தாலோ, ௧ முதல் ௯ வரையுள்ள இலக்கங்கள் மட்டும் இரண்டு மூன்றாக ஒட்டி நின்றாலோ அது புது முறை. இன்று நாம் எழுதும் 1876-ஐப் போலவே இடமதிப்பு வைத்துப் படிக்கலாம். அதே 1876 பழைய முறையில் ௲௮௱௭௰௬ என்று வரும், புது முறையில் ௧௮௭௬ என்று வரும். 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில் இரண்டையும் பார்க்கலாம். பெரும்பாலான குழப்பங்கள் ஒரு முறையில் எழுதியதை மற்ற முறையில் படிப்பதால்தான் வருகின்றன.

## அறிகுறி 1: எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது

பக்கத்தின் மேலே "க", "உ", "ங" என்று இருக்கிறது. அல்லது "அ-ம் அதிகாரம்" என்று தலைப்பு இருக்கிறது.

எளிய காரணம்: அது எண்தான். பல இலக்கங்கள் எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ க போல, ௨ உ போல, ௩ ங போல, ௪ ச போல, ௫ ரு போல, ௬ சு போல, ௭ எ போல, ௮ அ போல, ௯ கூ போல, ௰ ய போல. அச்சகத்தில் இலக்கத்துக்குத் தனி அச்சு இல்லாமல் எழுத்து அச்சையே கோத்ததும் உண்டு. ஆகவே "அ-ம் அதிகாரம்" என்றால் எட்டாம் அதிகாரம்.

மனப்பாடத்துக்கு "கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்" என்ற வாக்கியம் பலருக்குத் தெரியும். நல்ல வாக்கியம்தான். ஆனால் ஆறாவது சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். அது "சா" என்று தொடங்குகிறது, ஏட்டில் நீங்கள் தேட வேண்டிய வடிவமோ "சு". இதை நம்பி "சா"வைத் தேடுகிறவர்கள் 6-ஐத் தவறவிடுகிறார்கள்.

பட்டியலாக இருந்தால் இரண்டாவது உருப்படியைப் பாருங்கள். முதல் உருப்படி க என்றால் அது 1 ஆகவும் இருக்கலாம், மெய்யெழுத்து வரிசையாகவும் இருக்கலாம். அடுத்தது உ என்றால் எண் வரிசை. அடுத்தது ங என்றால் க, ங, ச, ஞ என்ற எழுத்து வரிசை. அ என்று தொடங்கி ஆ என்று போனால் உயிரெழுத்து வரிசை, அதற்கும் எட்டுக்கும் சம்பந்தமில்லை.

பக்கத்தின் உச்சியில் தனியாக ஒரு உ மட்டும் நிற்கிறதா? அது 2 அல்ல, பிள்ளையார் சுழி. கடிதம், கணக்கு, பத்திரம், ஜாதகம் எல்லாவற்றிலும் எழுதத் தொடங்கும் முன் போடுவது. இதை இரண்டாம் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, காணாமல் போன முதல் பக்கத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. சுழிக்குக் கீழே கோடு இழுத்திருந்தாலோ, அடுத்த வரியில் தெய்வத்தின் பெயரோ "துணை"யோ இருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

எண் என்று தெரிகிறது, எந்த எண் என்று தெரியவில்லை. மை மங்கினால் அடிக்கடி மாறிப்போகும் ஜோடிகள் இரண்டு: ௪-உம் ௬-உம், ௧-உம் ௯-உம். இரண்டிலும் வேறுபாடு வால் பகுதியில்தான் இருக்கிறது, தேய்ந்தால் முதலில் போவதும் அந்த வால்தான். இதற்கு நான் நம்பும் ஒரே வழி, அதே ஏட்டிலிருந்தே மாதிரி எடுப்பது. பக்க எண்கள் வரிசையாக வருவதால் எந்தப் பக்கத்தில் என்ன எண் இருக்க வேண்டும் என்று நமக்கு முன்பே தெரியும். நான்காம் பக்கத்து ௪-ஐயும் ஆறாம் பக்கத்து ௬-ஐயும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தேகமான இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். கையெழுத்து ஏடாக இருந்தால் இது இன்னும் அவசியம். ஒவ்வொரு கணக்குப்பிள்ளைக்கும் ஒரு கை இருக்கும், இணையத்தில் கிடைக்கும் அட்டவணை அந்தக் கைக்கு உதவாது.

பத்திரமாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. தொகையை இலக்கத்தில் எழுதிவிட்டு எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். "ரூபாய் இருநூற்றைம்பது" என்ற சொற்களைக் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் இலக்கம் தானாகத் தெளிந்துவிடும்.

## அறிகுறி 2: படித்தால் எண் தாறுமாறாகப் பெரிதாக வருகிறது

௨௰௪ என்பதை "2, 10, 4" என்று வரிசையாக எழுதி 2104 என்று சொல்கிறார்கள். அது 24.

காரணம்: ௰, ௱, ௲ ஆகியவற்றை வெறும் இலக்கமாக எடுத்துக்கொள்வது. இவை அளவைச் சொல்லும் குறிகள். முன்னால் நிற்கும் சிறிய எண் அதைப் பெருக்கும், பின்னால் நிற்கும் சிறிய எண் அதனோடு கூடும். வாயால் சொல்வதை அப்படியே எழுதியதுதான் இந்த முறை. இரு-பத்து-நான்கு, ௨-௰-௪.

பழகுவதற்குச் சில:

௰௫ = 15
௫௰ = 50
௱௫ = 105
௫௱ = 500
௫௱௫ = 505
௲௰ = 1010
௰௲ = 10,000
௰௫௲௬௱௪௰ = 15,640

கடைசி எண்ணில்தான் பலர் தடுக்குகிறார்கள். ௲ வரும் வரை உள்ளதை முதலில் தனியாகப் படியுங்கள்: ௰௫, அதாவது 15. அதை ஆயிரத்தால் பெருக்குங்கள், 15,000. அப்புறம் மிச்சம்: ௬௱ 600, ௪௰ 40. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ௲-ஐ நடுவில் வைத்து இடது, வலது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. ௱௲ என்றால் லட்சம், ௰௱௲ என்றால் பத்து லட்சம்.

ரோமன் இலக்கம் பழகியவரா? அப்படியானால் ௰௲ என்பதை 990 என்று படிக்கத் தோன்றும். ரோமன் முறையில் சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். தமிழ் முறையில் கழித்தல் கிடையவே கிடையாது. முன்னால் வந்தால் பெருக்கல். பள்ளியில் கடிகார முகப்பை வைத்து ரோமன் எண் கற்றவர்களுக்கு இந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது, அதனால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன்.

நடுவில் இடம் காலியாக இருப்பது போலத் தோன்றுகிறதா? ௲௫ என்பது 1005. நூறும் பத்தும் இல்லை, அதனால் எழுதவில்லை. இதை 15 என்றோ 1500 என்றோ நிரப்பிப் படிக்காதீர்கள். 1500 என்றால் ௲௫௱.

இதெல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லையா? ௰ என்று நீங்கள் நினைத்தது முந்தைய சொல்லின் ய ஆக இருக்கலாம். ஓலையில் சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுவதில்லை. "உடைய", "ஆகிய" போன்ற சொற்களின் கடைசி ய அடுத்து வரும் இலக்கத்தோடு ஒட்டி நின்றால் பத்து கூடிவிடும். சொல்லை முழுதாக முடித்துவிட்டு எண்ணைத் தொடங்குங்கள்.

தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல் இந்த முறைக்கு நல்ல பாடம். நாவற்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் (பழைய தூர அளவு) 29 என்று சொல்லும் அந்தக் கல்லில், எழுத்தறியாதவர்களும் தெரிந்துகொள்ள இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. ௨௰௯ என்பதன் கணக்கும் அதேதான்.

## அறிகுறி 3: எண்ணைச் சரியாகத்தான் படித்தேன், ஆனால் அப்படி ஓர் ஆண்டு இருக்க முடியாது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இலக்கத்தில் பிழை இல்லை. ஆண்டைக் கி.பி. என்று நினைத்துக்கொள்வதுதான் பிழை.

முதலில் எண்ணின் அளவைப் பாருங்கள்.

ஒன்று முதல் சுமார் ஐம்பது வரை, கல்வெட்டில். "யாண்டு ௨௰௫" என்று இருந்தால் அரசன் பட்டத்துக்கு வந்து 25ஆம் ஆண்டு. முதலாம் ராஜராஜன் 985-இல் பட்டத்துக்கு வந்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும் அவனுடைய 25ஆம் ஆண்டு 1010. அரசன் பெயர் தெரியாமல் இந்த எண்ணை ஆண்டாக மாற்றவே முடியாது. பெயர் சிதைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கல்வெட்டு படிப்பவரிடம் போங்கள். ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழ அரசர்கள் மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். பட்டத்தை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானித்தால் நூறு வருடம்கூடத் தள்ளிப்போகும்.

ஆயிரத்து நூறை ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டத்து ஆவணத்தில். கொல்லம் ஆண்டு. 1956 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு (1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்தது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். கேரளத்தில் "99-ஆம் ஆண்டு வெள்ளம்" என்று சொல்வது கொல்லம் 1099, ஆடி மாதம். 1924 ஜூலை.

ஆயிரத்து இருநூறு முதல் நானூறு சொச்சம், நிலவரி ஆவணத்தில். பசலி. 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், ஆகவே பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. அடங்கல், கிஸ்தி ரசீது எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

நாலாயிரத்துச் சொச்சம் அல்லது ஐயாயிரத்துச் சொச்சம். கலியுக ஆண்டு. 3101 கழியுங்கள்.

இன்றைய ஆண்டைவிட 31 கூடுதல். திருவள்ளுவர் ஆண்டு. 2025-க்கு 2056.

ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு. ஆபத்தான இடம் இது, ஏனென்றால் நம்பும்படியாக இருக்கும். ௲௭௱௯௰௮ என்று படித்துவிட்டு 1798 என்று எழுதிவிடுவோம். சக ஆண்டாக (சாலிவாகன சகாப்தம் என்ற பழைய ஆண்டுக் கணக்கு) இருந்தால் 78 கூட்ட வேண்டும், 1876 ஆகிவிடும். கட்டபொம்மன் காலத்துக்கும் தாது வருஷப் பஞ்சத்துக்கும் உள்ள தூரம்.

இதற்குச் சோதனை, பக்கத்தில் இருக்கும் வருடப் பெயர். பழைய ஆவணத்தில் எண்ணோடு பெரும்பாலும் பிரபவ முதல் அட்சய வரையான அறுபது பெயர்களில் ஒன்று இருக்கும். பிரபவ 1747, 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணுங்கள். தாது பத்தாவது பெயர், 1867-உடன் 9 கூட்டினால் 1876. காளயுக்தி ஐம்பத்திரண்டாவது, 1747-உடன் 51 கூட்டினால் 1798. ஆவணத்தில் "தாது" என்று இருந்தால் அந்த 1798 சக ஆண்டு, "காளயுக்தி" என்று இருந்தால் கி.பி. முடிந்தது.

பெயர் ஒரு வருடம் மட்டும் தள்ளி வந்தால் பதற வேண்டாம். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது, ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை முந்தைய பெயர்தான் நடக்கும். தவிர, சக ஆண்டையும் கலி ஆண்டையும் சிலர் முடிந்த ஆண்டாகவும் சிலர் நடக்கும் ஆண்டாகவும் எழுதியிருக்கிறார்கள், அதனாலும் ஒன்று கூடும் குறையும். இரண்டு மூன்று வருடம் தள்ளி வந்தால்தான் இலக்கத்தையே மறுபடி பார்க்க வேண்டும். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது ௪-௬ ஜோடியை.

ஆண்டு எண்ணின் வாலில் புரியாத ஒரு வடிவம் தொங்குகிறதா? அது இலக்கம் அல்ல. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். "௲௮௱௭௰௬௵ சித்திரை௴ ௰௨௳" என்றால் 1876, சித்திரை 12. இதை ஏப்ரல் 12 என்று எழுதிவிடாதீர்கள். சித்திரை 12 ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி வரும், சரியான தேதிக்கு அந்த வருடத்துப் பஞ்சாங்கம் வேண்டும்.

## அறிகுறி 4: பிறந்த நேரம் 24 மணியைத் தாண்டுகிறது

ஜாதக ஓலையில் ௪௰௨ என்று இருக்கிறது, 42 மணிக்கு யாரும் பிறக்க முடியாதே என்கிறார்கள். அது நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். 42 நாழிகை 1008 நிமிடம், அதாவது 16 மணி 48 நிமிடம். உதயம் 6 மணி என்றால் இரவு 10.48. அடுத்து இன்னோர் எண் இருந்தால் அது விநாழிகை, நாழிகைக்கு 60. இரண்டையும் ஒட்டிப் படித்து ஒரே பெரிய எண்ணாக்கிவிடாதீர்கள்.

## அறிகுறி 5: கணக்கேட்டைக் கூட்டினால் மொத்தம் பொருந்தவில்லை

முதலில் நாணயத்தைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கு என்றால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அந்தப் பை இன்றைய பைசா அல்ல. ௩ ரூபாய் ௰௨ அணாவையும் ௨ ரூபாய் ௯ அணாவையும் கூட்டினால் 5 ரூபாய் 21 அணா, அதாவது 6 ரூபாய் 5 அணா. அணாவைப் புள்ளிக்குப் பின்னால் போட்டுக் கூட்டினால் எந்தப் பக்கமும் நிற்காது.

அடுத்து, வரவா பற்றா என்று பாருங்கள். ௷ வரவு, ௶ பற்று, ௹ ரூபாய், ௸ மேற்படி. ௸ இருக்கும் வரியில் மேலே உள்ள பெயரோ விவரமோ திரும்ப வருகிறது என்று பொருள். அதை ஓர் இலக்கமாக எண்ணிக் கூட்டியிருந்தால் மொத்தம் கெட்டுப்போகும்.

அப்புறம் பின்னம். எண்ணுக்குப் பின்னால் ஒரு வ ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? ௫வ என்றால் ஐந்தே கால். வ கால் பின்னத்தின் வடிவம். பின்னங்களில் இரண்டு குடும்பம் இருப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒன்று பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் 1/16, ஒரு ரூபாயில் அது ஓர் அணா. மற்றது இருபதில் தொடங்குவது: மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். மாவும் காணியும் சேர்ந்தால் 1/20 + 1/80 = 1/16. அதனால்தான் வீசத்துக்கு மாகாணி என்று இன்னொரு பெயர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்திருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் பாலம் கிடைத்துவிடும்.

நிலக் கணக்கில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு வேலிக்கு 20 மா, ஆகவே மா பின்னமும் மா நிலமும் ஒத்துப்போகின்றன. காணி அப்படி இல்லை. தொண்டை மண்டலப் பக்கம் காணி என்ற நில அளவு சுமார் 1.32 ஏக்கர். வேலியில் 1/80 என்ற பின்னக் காணியோ ஏக்கரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊர், பக்கத்துப் பத்திரங்கள், நான்கெல்லை எல்லாம் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள். பங்கு பிரிப்பது இந்தச் சொல்லைப் பொறுத்தது என்றால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு, பழைய பத்திரம் படித்துப் பழகிய ஆவண எழுத்தரையும் வழக்கறிஞரையும் பாருங்கள்.

## அறிகுறி 6: கணினியில் தெரிகிறது, ஆனால் தேடலில் வரவில்லை, கூட்டவும் முடியவில்லை

எளிய காரணம்: தட்டியிருப்பது எழுத்து. ௧-க்குப் பதில் க, ௭-க்குப் பதில் எ. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. பக்கத்தில் க என்று தேடிப் பாருங்கள். உங்கள் "எண்" மஞ்சளாக ஒளிர்ந்தால் அது எழுத்துதான். படத்திலிருந்து எழுத்துணரி (OCR) எடுத்த பிரதிகளில் இது அநேகமாக எப்போதும் இருக்கும். பக்க எண் வரிகளைத் தனியாக எடுத்துத் திருத்திவிடுவது மேல். மொத்தக் கோப்பிலும் க-வை ௧ ஆக்கினால் நூல் முழுக்கப் பாழாகிவிடும்.

சுழியம் மட்டும் கலந்திருக்கிறதா? தமிழ்ச் சுழியம் ௦, நாம் தினமும் தட்டும் 0, ஆங்கில எழுத்தின் வட்டம் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ௨௦௨௫-இல் நடுச் சுழியம் மாறியிருந்தால் தேடல் தோற்கும்.

கட்டமாகத் தெரிகிறதா? எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை. ௧ முதல் ௲ வரை யுனிகோடில் முதலிலிருந்தே உண்டு. ௦ 2005-இல் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது, அதனால் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் சுழியம் மட்டும் கட்டமாகும். பின்னங்களும், மேலே பார்த்த ௳ முதல் ௹ வரையானவை தவிர்ந்த பிற குறிகளும் இன்னும் தாமதம், 2019-இல் 12.0 பதிப்பில் தனித் தொகுதியாக வந்தன. அவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் போன்ற தனி எழுத்துரு நிறுவ வேண்டும்.

விரிதாளில் மொத்தம் 0 காட்டுகிறதா? தமிழ் இலக்கத்தை அது எழுத்தாக எடுத்துக்கொண்டுவிட்டது. புது முறை எண்ணாக இருந்தால் பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினால் போதும். நிரல் எழுதுபவர்களுக்கு இன்னும் எளிது, பைத்தான் ௧௮௭௬-ஐ நேராக 1876 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய முறையில் இந்த வழி செல்லாது. ௰, ௱, ௲ யுனிகோடில் இடமதிப்பு இலக்கங்களாக வகைப்படுத்தப்படவில்லை, பைத்தானும் பிழை காட்டும். ௲௮௱௭௰௬-இல் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக மாற்றினால் கிடைப்பது குப்பை. பெருக்கிக் கூட்டும் சின்ன நிரல் எழுத வேண்டும், அல்லது படித்துப் பார்த்துக் கையால் தட்ட வேண்டும். நூறு வரிக்குள் என்றால் கையால் தட்டுவதே நல்லது, போகிற போக்கில் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்துவிடலாம்.

## அறிகுறி 7: நான் எழுதிய எண்ணைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

அழைப்பிதழ், வீட்டு வாசல், அடிக்கல். தமிழ் இலக்கத்தில் போட வேண்டும் என்ற ஆசை எனக்கு மிகவும் பிடித்த ஆசை. அதனாலேயே தப்பாகப் பொறித்த கல்லைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

பெரும்பாலும் காரணம்: இரண்டு முறையும் கலந்துவிட்டது. 2025-ஐ ௨௲௨௰௫ என்றோ ௨௦௨௫ என்றோ எழுதலாம். ௨௦௨௰௫ என்று எழுதக் கூடாது. எல்லோரும் படிக்க வேண்டிய இடம் என்றால் புது முறையே போடுங்கள் என்பேன், பழைய முறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டுப் பெயர்ப்பலகை போல உங்கள் விருப்பத்துக்கு வைப்பது என்றால் பழைய முறை அழகு.

ஒன்று தேவையில்லாமல் முன்னால் நிற்கிறது. 15 என்றால் ௰௫ போதும், ௧௰௫ வேண்டாம். 100 ௱, 1000 ௲. "ஒரு பத்து ஐந்து" என்று நாம் சொல்வதில்லை அல்லவா.

அச்சகத்தில் மாறிவிட்டது. நீங்கள் யுனிகோடில் அனுப்பியதை அவர்கள் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் ஒட்டினால் இலக்கங்கள் தொலைந்துபோகும், அங்கே தட்டச்சு செய்பவர் கண்ணால் பார்த்துக் க, உ என்று தட்டிவிடுவார். எண் இருக்கும் வரியை மட்டும் படமாகவோ, கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கியோ அனுப்பிவிடுங்கள்.

கல்லில் வெட்டப் போகிறீர்களா? காகிதத்தில் திருத்தலாம், கல்லில் முடியாது, மறு கல்தான். உளி வைப்பதற்கு முன் சிற்பி வரைந்த கோட்டை அப்படியே படம்பிடித்து, என்ன எண் என்று சொல்லாமல், தமிழ் இலக்கம் தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த எண்ணை அவர் தானாகச் சொன்னால் வெட்டலாம். ௪-இன் வாலும் ௬-இன் வாலும் கோட்டில் தெளிவாகப் பிரிந்திருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள், உளியில் சின்ன வளைவுகள் மழுங்கிவிடும்.

## எப்போது நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் போக வேண்டும்

கோயில் கல்வெட்டில் உள்ள இலக்கங்கள் மேலே காட்டிய வடிவங்களில் இருக்காது. காலத்துக்குக் காலம் எழுத்து மாறியிருக்கிறது, வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையாக இருந்தால் வேறு உலகம். சுண்ணாம்போ மாவோ தடவித் தெளிவாக்கப் பார்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போதோ, இருட்டில் டார்ச்சை ஓரமாகப் பிடித்தோ படம் எடுங்கள், அதுவே பல எண்களைத் திறந்துவிடும். அதற்கும் பிடிபடவில்லை என்றால் தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுத்துப் படிப்பார்கள்.

ஓலை ஒட்டிக்கொண்டு பிரியவில்லை, நுனி ஒடிகிறது என்றால் இலக்கத்தை மறந்துவிட்டு ஓலையைக் காப்பாற்றுங்கள். வீட்டில் எண்ணெய் தடவிப் பிரிக்க முயலாமல், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை ஆகியவற்றில் ஒன்றை அணுகுங்கள். பழைய அச்சு நூலின் ஆண்டில்தான் சந்தேகம் என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ உ.வே.சா. நூலகத்திலோ அதே நூலின் வேறு பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள், முகப்புப் பக்கம் கிழியாத பிரதி ஒன்று கிடைத்தால் அதற்கு மேல் ஆராய்ச்சியே தேவைப்படாது. போகும்போது மூலத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், முழுப் பக்கமும் தெரியும் படத்தைக் கொண்டுபோங்கள். எண்ணை மட்டும் வெட்டி எடுத்த படத்தில் வருடப் பெயரும் மாதக் குறியும் இருக்காது, யாராலும் படித்துச் சொல்ல முடியாது.